மூன்றாம் தூணில் இருந்த முடிச்சு

படகுகள் மிதக்கும், தரைதட்டும், அதிகம் போனால் மூழ்கும். தொங்கும் என்பதை அவள் பாடப்புத்தகத்தில் ஒரு படமாகத்தான் பார்த்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, சொந்த அக்காவும் அத்தானும் அக்கா மகளும் ஏறியிருந்த வெள்ளை வாடகைப் படகு, தொட்டிச் சுவரோரம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஒற்றைக் கயிற்றில் தொங்கியது. அதைத் தொங்கவிட்டவள் அவள்தான். அந்த நிமிடத்தில் அது அவளுக்கே தெரியாது.

தொட்டி என்பது லாக்குக்கு அந்த ஆற்றில் எல்லோரும் வைத்த பெயர். ஆற்றின் குறுக்கே அணை. அணைக்கு மேலே ஒரு நீர்மட்டம், கீழே நான்கு மீட்டர் இறக்கத்தில் இன்னொரு நீர்மட்டம். மேலிருந்து வருகிற படகை இரண்டு கதவுகளுக்கு நடுவே நிறுத்தி, மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டால் படகு அலுங்காமல் கீழே இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்தால் அது தன் வழியே போகும். பக்கத்துப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. ஊஞ்சலையும் மிதிபடகையும் விட்டுவிட்டு, தொட்டியின் கம்பி வேலியில் ஐஸ்கிரீமும் கையுமாகச் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். படகு இறங்கி முடிந்ததும் யாராவது கைதட்டுவார்கள்.

அவள் அந்தத் தொட்டியின் ஆபரேட்டர். மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, ஆறு மாதமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அதற்கு முன் நான்கு வருடம், அதே பூங்காவின் படகுத்துறையில் மிதிபடகுகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள். தொட்டியில் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'ரெண்டுதடவை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கொக்கி மாட்டியாச்சா என்று கேட்டால் மாட்டியாச்சு என்று சொல்லிவிட்டு, போய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். திரும்பி வந்து, இழுத்துப் பார்த்தோமா என்று யோசிப்பாள். அதை அவள் குறையாகத்தான் நினைத்தாள். ஃபோர்மேனுக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

அக்கா குடும்பம் வந்ததே அவள் வேலையைப் பார்க்கத்தான். படகு தொட்டிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐந்து. அக்கா படகின் மூக்கில் நின்றிருந்தாள், ஒரு கையில் கயிறு, மறு கையில் பறக்கப் பார்த்த தொப்பி. அத்தான் பின்பக்கம் உட்கார்ந்து, வாடகைக்காரர் கொடுத்த அறிவுரைத் தாளை ஊருக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது பாயின்ட். கயிறைக் கட்டக் கூடாது, கையில பிடிச்சுக்கணும். கேட்டியா?"

"ஏழாவதா? மொதப் பாயின்ட் வாயை மூடிட்டு உக்காரணும்னு போட்டிருக்குமே, அதை வாசிச்சீங்களா?" என்றாள் அக்கா.

"சித்தி! சித்தி! நீதான் தண்ணிய எறக்குவியா?" என்று அக்கா மகள், ஏழு வயது வாலு, உயிர்காப்புச் சட்டைக்குள் குதித்தாள்.

"நான்தான். உக்காரு மொதல்ல."

"அப்பா ஷூவுக்கு நாலு முடிச்சு போட்டிருக்கார் சித்தி. அவிழ்க்க முடியாம அழப்போறார் பாரு."

கரையிலிருந்து அவள் சிரித்தாள். அத்தான் எதையும் இரண்டு முறை கட்டுகிறவர். சூட்கேசுக்குப் பூட்டும் போட்டு, பூட்டுக்கு மேல் கயிறும் கட்டுவார். குடும்பத்தில் பத்து வருடமாக ஓடுகிற கேலி அது.

"இந்தாடி, பிடி இதை. தொப்பி போயிடும்" என்று அக்கா கயிற்றின் நுனியை மேலே வீசிவிட்டு, தொப்பியைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள். அத்தான் தாளோடு முன்பக்கம் வந்தார். தங்கை பிடித்தாள். அதைக் கரையோரத்து மூன்றாம் இரும்புத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை மறுபடி அக்கா கையிலேயே கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க, படகில் இருப்பவர் கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டே வருவார். தொட்டியில் முதல் பாடம் அதுதான்.

அதன் பிறகு அவள் கண்ணாடிக் கூண்டுக்குப் போனாள். பட்டியலில் பதினோரு வரி. மேல்கதவு சாத்தியிருக்கிறதா. சிவப்பு விளக்கு எரிகிறதா. படகில் எத்தனை பேர். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தாள். எட்டாவது வரி, கயிறுகள். தூணில் கயிறு தெரிந்தது. தானே போட்ட கயிறு. ஒரு தடவை பார்த்ததே அதிகம் என்று டிக் போட்டாள். ஒலிப்பானை அழுத்தினாள். மதகைத் திறந்தாள்.

முதல் ஒரு மீட்டர் வரை எல்லாம் வழக்கம்போல்தான். பிறகு படகின் பின்பக்கம் மட்டும் இறங்கியது. மூக்கு இறங்கவில்லை. வேலியில் நின்றவர்கள் அதை ஏதோ வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

சாப்பாட்டுக் கூடை தளத்தில் உருண்டு பின்னால் போனது. அத்தான் அதன்மேல் சரிந்தார். வாலு எதையோ பற்றிக்கொண்டு கத்தினாள். அக்கா மூக்கில் மண்டியிட்டு, கயிறு மாட்டியிருந்த இரும்புக் கொம்பிலிருந்து அதை வெறுங்கையால் கழற்றப் பார்த்தாள். கம்பிபோல் விறைத்த கயிறு நழுவி அவள் இடது கையைக் கொம்போடு சேர்த்து இறுக்கியது.

கூண்டில் இருந்தவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள் என்று பதிவுக் கருவிதான் பிறகு சொன்னது, அவளுக்கு நினைவில்லை. மதகு மூட நாற்பது விநாடி ஆகும். நாற்பது விநாடியும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தொட்டியைத் திரும்ப நிரப்ப வேண்டும் என்று அவள் தலைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கை, கால், நாக்கு எதுவும் ஓடவில்லை. சாவிக்கொத்து குலுங்க ஃபோர்மேன் ஓடி வந்து, அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மேல்மதகைத் திறந்தார்.

அதற்குள் இரும்புக் கொம்பு படகிலிருந்து பிய்ந்தது. படகு தண்ணீரில் அறைந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் பூங்கா முழுவதும் ஒரு கணம் வாயடைத்துப் போயிற்று. ஊஞ்சல் சங்கிலி ஒன்று மட்டும் கிரீச் கிரீச் என்றது.

அக்கா தண்ணீரில் இருந்தாள். அத்தான் நீந்தத் தெரியாதவர், ஷூவோடு குதித்துவிட்டார். ஃபோர்மேன் வீசிய வளையத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் சுவரேணிக்கு வந்தார்கள். அவள் ஏணியருகே ஓடி, "மூணு பேர், மூணு பேர்" என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேர்தான் இருந்தார்கள். வாலு படகிலேயே, இருக்கைக்கு அடியில், கூடைக்குப் பின்னால் சுருண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை.

அக்காவை மேலே ஏற்றிப் படுக்க வைத்தார்கள். அவள் அழவில்லை. இடது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, "ஏய், என் விரல் எங்கடி?" என்று தங்கையிடம் கேட்டாள். பேனாவை எங்கே வைத்தாய் என்று கேட்பதுபோல, அவ்வளவு சாதாரணமாக. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றிருந்தன.

அக்கா முடிதிருத்துபவள். அந்த இரண்டு விரல்களுக்கு நடுவேதான் மற்றவர்கள் முடியைப் பிடித்து வெட்டுவாள்.

ஆம்புலன்ஸ் வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் ஃபோர்மேன் மூன்றாம் தூணருகே நின்று கூப்பிட்டார். "இங்க வாம்மா. இதைப் பாரு."

பிய்ந்த இரும்புக் கொம்பு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனை தூணில் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, அதன்மேல் இரண்டு அரைமுடிச்சு, மிச்ச நுனி யார் காலிலும் மாட்டாதபடி சுற்றுக்கு அடியில் செருகி. படகுத்துறையில் அவள் ஒரு நாளைக்கு நாற்பது படகுக்குப் போட்ட முடிச்சு. அவள் பார்த்தாள். இருக்காது என்று மறுபடி பார்த்தாள். அதேதான். தன் கை தன்னைக் கேட்காமல் செய்த காரியத்தைப் பார்த்துக்கொண்டு, மரம்போல் நின்றாள்.

"யாரு கட்டினது?" என்றார் ஃபோர்மேன்.

அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து அத்தான் குரல் வந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, மகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பல் தந்தியடித்தது. "நான்தான் சார். நானாத்தான் இருக்கும். எதையும் கட்டாம விடமாட்டேன் சார் நான்."

அவர் சொல்லி முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவர் முடிக்கவில்லை, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மணி பதினொன்றே முக்கால்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி நடைகூடம். அக்காவை அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துப்போய், மூன்று மணிக்கு அறைக்குக் கொண்டுவந்தார்கள். விரல்களை ஒட்ட முடியவில்லை என்று டாக்டர் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். உள்ளே முதலில் போனவர் அத்தான். அரை நிமிடத்தில் வெளியே வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"என் மூஞ்சில முழிக்காதீங்கன்னுட்டா. ஏழாவது பாயின்ட்ட நீங்கதான வாசிச்சீங்கன்னு கேக்கறா" என்றார்.

சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை அவள் மனசுக்குள் எத்தனையோ முறை கட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அதன் முடிவில் வெள்ளிக்கிழமை இருந்தது, கண்ணாடிக் கூண்டு இருந்தது, எல்லாவற்றையும்விட அக்காவின் முகம் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடமே, அது தானே கட்டியதுதானா, பயத்தில் குழம்பிவிட்டேனா என்ற சந்தேகம் வரும். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சந்தேகம் அவளுக்கு வசதியாக இருந்தது. அது தெரிந்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அம்மா போன் செய்தாள். "அந்த மனுஷனுக்கு எதையும் கட்டாம இருக்க முடியாதாமா? பொண்ணையும் கட்டிக் குடுத்து, இப்போ விரலையும் குடுத்தாச்சு. போனை அந்த ஆளுகிட்ட குடு."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்."

"அம்மா, போனை வை" என்று அவளே வைத்தாள்.

அத்தான் இன்னும் ஈர ஷூவோடு உட்கார்ந்திருந்தார். வாலு அவர் மடியில், உயிர்காப்புச் சட்டையைக் கழற்ற விடாமல் அப்படியே தூங்கியிருந்தாள். சட்டையின் தொங்கும் நாடாவை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார் அத்தான்.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"ஃபோர்மேன் வாக்குமூலம் வாங்க வர்றாராம். எந்த மாதிரி முடிச்சுன்னு எழுதணுமாம். எனக்கு ஞாபகமே வரலை. கட்டினது மட்டும் தெரியுது, எப்படிக் கட்டினேன்னு வரமாட்டேங்குது." நாடாவை நீட்டினார். "நீ அந்தத் தூணைப் பாத்தியே. எப்படி இருந்துச்சுன்னு போட்டுக் காட்டேன். அப்படியே சொல்லிடறேன்."

அவள் அந்த நாடாவைத் தொடவில்லை. தொட்டால் கை தானாகப் போட்டுவிடும் என்று தெரியும்.

லிஃப்ட் கதவு திறந்து ஃபோர்மேன் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் கிரீஸ் கறை. தாளை ஏற்கெனவே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். படகில் இருந்தவர் அறிவுரையை மீறிக் கயிற்றைக் கட்டியதால், என்று தொடங்கியது. "மனசு விட்டுடாதீங்க சார். இந்த மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு எங்கயாவது நடக்கும். இந்த எடத்துல ஒரு கையெழுத்து மட்டும்" என்று பேனாவை அத்தானிடம் கொடுத்தார். அவள் பக்கம் திரும்பி, "உன் பக்கம் ஒரு தப்பும் இல்லம்மா. பொத்தானை மூணாவது விநாடியில அமுக்கியிருக்கே. கருவியில இருக்கு" என்றார்.

அத்தான் பேனாவைத் தாளில் வைத்தார்.

"அத்தான், போடாதீங்க." குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் கட்டினேன். அக்கா கயிறை எங்கிட்ட வீசினா. நான்தான் தூண்ல கட்டினேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அத்தான்தான், அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு.

"எனக்காகப் பொய் சொல்றா சார். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். சும்மா இரு நீ."

"நீயாவது கட்றதாவது" என்றார் ஃபோர்மேன். "குழாயையே ரெண்டு தடவை மூடற ஆளு. அதிர்ச்சியில இருக்கேம்மா. போய்த் தண்ணி குடி."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார்கள், அடிக்கக்கூடச் செய்வார்கள் என்று நினைத்திருந்தாள். நம்பமாட்டார்கள் என்று நினைக்கவே இல்லை. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர் கதவுபோல் எதிரே சாத்திக்கொண்டு நின்றது. இப்போது பேசாமல் இருந்தால்கூட, சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

"சார், தூணைப் போட்டோ எடுத்தீங்களே. காட்டுங்க."

அவர் போனை நீட்டினார். அவள் அதை நாற்காலியில் வைத்தாள். "அத்தான், நீங்க எப்பவும் கட்டுற மாதிரி இந்த நாடாவை இங்க கட்டுங்க. யோசிக்காதீங்க."

அத்தான் கட்டினார். ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. ஷூவுக்குப் போடுகிற அதே குவியல். அவர் அதை அவிழ்க்க நகத்தால் கிள்ளினார், வரவில்லை. அவள் அந்த உயிர்காப்புச் சட்டையின் மறுபக்க நாடாவை எடுத்து மறு கைப்பிடியில் கட்டினாள். இரண்டு சுற்று, இரண்டு அரைமுடிச்சு, நுனி உள்ளே. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. கடைசியில் கட்டைவிரலால் நுனியை ஒரு அழுத்து அழுத்தினாள். படகுத்துறை ஆட்கள் எல்லோரும் அழுத்துவதுபோல.

ஃபோர்மேன் போனைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். பிறகு அத்தான் விரலிடுக்கிலிருந்து பேனாவை மெதுவாக உருவிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எட்டாவது வரி?" என்றார்.

"பாத்தேன் சார். ஒரு தடவை. நான் போட்டதாச்சேன்னு விட்டுட்டேன்."

அத்தான் மகளின் தலையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். அந்த இரண்டு முடிச்சுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கட்டலையா?" என்றார். "நான் கட்டினது எனக்கு ஞாபகம் இருக்கே." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நீ போய் அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா" என்றார்.

அறையில் திரை பாதி இழுத்திருந்தது. அக்கா விழித்திருந்தாள். இடது கை வெள்ளை உருண்டையாகத் தலையணைமேல் இருந்தது. தங்கை கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று, உட்காராமல், ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அக்கா பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தாள்.

அக்கா தலையைத் தங்கை பக்கம் திருப்பினாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"பதினொண்ணே முக்காலுக்கு."

"இப்போ மணி என்ன?"

"நாலே முக்கால்."

அக்கா கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அவள் உதடு கோணியது. விரல் போனபோது வராத அழுகை இப்போது வந்தது.

"அந்த மனுஷன் நீச்சல் தெரியாம குதிச்சார்டி. நான் அவரை என் மூஞ்சில முழிக்காதேன்னேன். நீ வெளில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தே."

"ஆமாக்கா."

"கை தவறிடுச்சு, அது வேற. அது யாருக்கும் ஆகும்." அக்கா மூக்கை வலது கையால் துடைத்தாள். "இந்த அஞ்சு மணி நேரம் எப்படி ஆச்சு?"

பதினோரு வரிப் பட்டியலில் அதற்கு ஒரு வரி கிடையாது.

"அவரை உள்ள வரச் சொல்லு. நீ வெளிய இரு. நானா கூப்பிடற வரைக்கும் வராதே."

அவள் கதவைத் திறந்து அத்தானிடம் சொன்னாள். அவர் தூங்குகிற பிள்ளையை, நாடா கட்டியிருந்த சட்டையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு எழுந்தார். ஷூ சளக் சளக் என்று சத்தம் போட உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஃபோர்மேன் முதல் தாளை இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, புதுத் தாளை முழங்கால்மேல் விரித்திருந்தார். "வெள்ளிக்கிழமை என் கையில இல்ல இனிமே. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"உக்காரு. கயிறு உன் கைக்கு வந்தப்போ மணி என்ன?"

"பதினொண்ணு எட்டு" என்றாள். நிறுத்தினாள். "இருங்க சார். ஏழா எட்டான்னு யோசிச்சுச் சொல்றேன்."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.